மார்க்டா, மார்க்டவுன்-இட்டா?

கொழும்பில் மும்மொழித் தளம் கட்டும் சிறு குழுக்களுக்கு, மார்க்டவுனை (எளிய குறிகளால் வடிவமைக்கும் எழுத்துமுறை) எச்டிஎம்எல் (வலைப்பக்க மொழி) ஆக்க இந்த இரண்டு ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களில் எது நல்லது?

தொடக்கம்
மார்க்ட்: வேறு பொதிகளைச் சார்ந்ததல்ல. அட்டவணை, பணிப்பட்டியல், தானியங்கி இணைப்பு (எழுதிய வலை முகவரியைத் தானே இணைப்பாக்குவது) மூன்றும் உடனே வேலை செய்யும்.
மார்க்டவுன்-இட்: அட்டவணை உண்டு. தானியங்கி இணைப்பை நீங்கள்தான் இயக்க வேண்டும். பணிப்பட்டியலுக்குச் செருகி (கூடுதலாக இணைக்கும் சிறு நிரல்) தேவை.

பாதுகாப்பு
இதைத்தான் முதலில் பாருங்கள். மார்க்டவுன்-இட், வாசகர் எழுதும் எச்டிஎம்எல்லை இயல்பாகவே வெறும் எழுத்தாகத்தான் காட்டும். மார்க்ட் அதை அப்படியே வெளியே விடும். பழைய வடிகட்டும் அமைப்பையும் நீக்கிவிட்டார்கள். ஆகவே எச்டிஎம்எல்லிலிருந்து தீங்கான நிரலை அகற்றும் டிஓஎம்பியூரிஃபை போன்ற ஒன்றைக் கட்டாயம் சேருங்கள்.

அமைப்பு
மார்க்ட்: அமைப்பை மாற்றும் 'யூஸ்' செயல்கூறை நேரடியாக அழைத்தால் மாற்றம் செயலி முழுவதையும் பாதிக்கும். கட்டுரைக்கு ஒன்று, பின்னூட்டத்துக்கு ஒன்று வேண்டுமென்றால் தனித்தனி மார்க்ட் பொருள்களை (தனி அமைப்புள்ள பிரதிகளை) உருவாக்குங்கள்.
மார்க்டவுன்-இட்: ஒவ்வொரு பொருளும் தனி. மேற்கோள் குறிகளைக்கூட மொழிக்கேற்ப மாற்றலாம்.

விரிவாக்கம்
மார்க்ட்: இணைப்பின் தோற்றத்தை மாற்ற ஒரே செயல்கூறு போதும். புதுக் குறியீட்டுக்கு டோக்கனைசரும் (எழுத்தை டோக்கன் எனும் துண்டுகளாகப் பிரிப்பது) ரெண்டரரும் (அவற்றை எச்டிஎம்எல் ஆக்குவது) எழுதினால் சரி.
மார்க்டவுன்-இட்: திறக்கும் டோக்கன் வேறு, மூடும் டோக்கன் வேறு, பழகச் சற்று நேரமெடுக்கும். ஆனால் உங்கள் விதியை எந்த விதிக்கு முன்னும் பின்னும் செருகலாம். அடிக்குறிப்புக்கும் தலைப்பு நங்கூரத்துக்கும் (தலைப்புக்கு நேரே செல்லும் இணைப்பு) செருகிகள் உண்டு; நங்கூரச் செருகியில் தமிழ்த் தலைப்புக்கான முகவரியை நீங்களே வகுக்கலாம்.

உங்கள் குழுவே எழுதும் ஆவணங்களுக்கு மார்க்ட் போதும். வெளியார் எழுதும் மும்மொழித் தளத்துக்கு நான் மார்க்டவுன்-இட்டைத்தான் எடுப்பேன்.