பழைய ஃப்ரெட்ஷ்னர் வயலின் வில்: ஒன்றரை வருடம் வாசித்த பிறகு

இந்த வில் கைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஹெச். ஆர். ஃப்ரெட்ஷ்னர் பட்டறை, மார்க்நோய்கிர்ஹன், ஜெர்மனி. நான் கொடுத்தது 3,200 பவுண்டு. எனக்கு அது பெரிய தொகை, இருந்தாலும் திரும்ப வாங்கச் சொன்னால் வாங்குவேன்.

முதலில் நான் ஏமாந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய வில் தேடும் பலரும் அங்கேதான் விழுகிறார்கள். இணைய ஏலத்தில் ஒரு வில், தண்டில் ‘தூர்த்’ என்று முத்திரை. ஃபிரான்சுவா சேவியே தூர்த் (1835இல் இறந்தார்) பாரிஸில் கடிகார வேலை பழகிவிட்டு வில் செய்ய வந்தவர். இன்று நாம் பிடிக்கும் வில்லின் நீளமும் உள்வளைவும் குதிரை முடி பட்டையாக விரிந்து நிற்பதும் பெரும்பாலும் அவர் கையில் உருவானவைதான். ஆனால் அவர் தன் வில்களில் முத்திரை குத்தியதே அபூர்வம். பிற்காலத்தில் மார்க்நோய்கிர்ஹன் பட்டறைகள் சாதாரண வில்களில் அந்தப் பெயரை ஒரு மாடல் பெயராகக் குத்தி ஆயிரக்கணக்கில் அனுப்பின. எனக்கு வந்ததும் அதில் ஒன்று, நல்ல வில்லுக்கு எடுக்கும் பிரேசில் மரமான பெர்னம்புகோவில் செய்ததே இல்லை. விற்றவருக்கு மூன்று முறை எழுதினேன், பதில் வரவில்லை. இனி முத்திரையை நம்பி வாங்குவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அப்புறம் லண்டனில் ஒரு கடையில் மூன்று வில்களை ஒரு வாரம் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள், பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம். இப்படித் தராத கடையில் பழைய வில் வாங்கவே வேண்டாம். ஐந்து நிமிடம் கடையில் வாசிக்கும்போது எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். வீட்டில் தினமும் ஒரே ஸ்வர வரிசையை மூன்றிலும் மெதுவாக இழுத்துப் பார்த்தேன். மற்ற இரண்டிலும் நுனிப்பக்கம் போகும்போது சத்தம் மெலிந்தது, கை அழுத்திச் சமாளித்தேன். மூன்றாவதான இந்த ஃப்ரெட்ஷ்னரில் அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. எடை 61 கிராம், ஆனால் கையில் அதைவிட லேசாகத் தெரிகிறது, பாரம் அந்த அளவுக்குச் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

ஹெர்மன் ரிச்சர்ட் ஃப்ரெட்ஷ்னர் (1857–1921) பாரிஸில் வியோம் என்ற பிரபல வயலின் தயாரிப்பாளரின் பட்டறையில் வேலை பழகி ஊர் திரும்பியவர், பிறகு சாக்சனி அரசவைக்கே வில் செய்து கொடுத்தார். என் வில்லின் கருங்காலி ஃப்ராகில் (கைப்பிடிப் பக்கம் முடியைப் பிடித்திருக்கும் கட்டை) அந்த அரச சின்னம் இருக்கிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது வேறு ஒன்று. தண்டு எட்டுப் பட்டை, விளிம்புகள் கடைசிவரை கூர்மையாக இருக்கின்றன, ஆனால் கட்டைவிரல் படும் ஒரே இடத்தில் மட்டும் மழுங்கி வழவழவென்று ஆகிவிட்டது. எனக்கு முன்னால் யாரோ பல வருடம் விடாமல் வாசித்திருக்கிறார்கள். என் விரலும் அதே பள்ளத்தில் போய் உட்காருகிறது.

குறைகளும் உண்டு. திருகு பிடிக்கும் பித்தளை மரை தேய்ந்திருந்தது, மாற்றினேன். முடி ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். பெரிய தலைவலி, வில்லின் நுனியில் இருந்த தந்தத் தகடு. 2022 ஜூன் முதல் இங்கே பிரிட்டனில் தந்தம் உள்ள பொருளை விற்பதற்குச் சட்டம் கடுமை. 1975க்கு முந்தைய வாத்தியம், தந்தம் 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் விற்கலாம், ஆனால் 20 பவுண்டு கட்டிப் பதிவு செய்திருக்க வேண்டும். நான் வாயைத் திறந்து கேட்கும்வரை கடைக்காரர் இதைப் பற்றிப் பேசவில்லை, அது எனக்கு வருத்தம்தான். தகடு என்ன பொருள், பதிவு இருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். பெர்னம்புகோவும் 2007 முதல், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேசப் பட்டியலில் இருக்கும் மரம், அதனால் மரத்தின் பெயரையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஃப்ராக் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் தண்டு லேசாக வலப்பக்கம் சாய்ந்திருந்தது. முடி மாற்றித் தரும் பெரியவரிடம் கொண்டு போனேன். ஸ்பிரிட் விளக்குக்கு மேலே தண்டை மெல்லத் திருப்பித் திருப்பிச் சூடு காட்டி, கையால் அழுத்தி, ஆறவிட்டு, மறுபடி பார்த்து, அரைமணி நேரத்தில் நேராக்கித் தந்தார். தூர்த் காலத்திலும் வளைவு எடுத்தது இப்படிச் சூட்டில்தான். அன்றிலிருந்து நேராகவே நிற்கிறது.