போலி ஆன்டிவைரஸை வெளியேற்ற எது நல்ல வழி: கையால் நீக்குவதா, ஆஃப்லைன் ஸ்கேனா, ரீசெட்டா?

இல்லாத வைரஸைக் காட்டிப் பயமுறுத்திக் காசு பறிக்கப் பார்ப்பதுதான் போலி ஆன்டிவைரஸ். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் ஓட்டு, விண்டோஸ் ஓடாதபோது டிஸ்க்கைச் சோதிக்கும் ஆஃப்லைன் ஸ்கேனுக்கு. கையால் தேடிப் பிடித்து நீக்குவதற்கு இரண்டாம் இடம். விண்டோஸை அடியோடு ரீசெட் செய்வது கடைசி. ஆனால் ஒரே ஒரு சூழ்நிலையில் அதைத் தவிர வேறு எதையும் யோசிக்கவே கூடாது. விண்டோஸ் 10, 11 ஓடும் வீட்டுக் கணினிகளை மனதில் வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

நீக்குவதற்கு உள்ளே ஏதாவது இருக்கிறதா?

வழியைத் தேடும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும். பல நேரம் கணினிக்குள் எதுவுமே ஏறியிருக்காது. பிரவுசரில் ஒரு பக்கம் திரை முழுக்க விரிந்து, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபென்டர் மாதிரியே வேஷம் போட்டு, சைரன் ஒலியோடு ஒரு போன் நம்பரைக் காட்டும். வலைப்பக்கத்தால் உங்கள் டிஸ்க்கை ஸ்கேன் செய்யவே முடியாது. அங்கே ஓடும் பச்சைக் கோடு வெறும் அனிமேஷன். எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். விலகவில்லையென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிடுங்கள். மறுபடி திறக்கும்போது 'பழைய பக்கங்களை மீட்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்; இல்லாவிட்டால் அதே பக்கம் திரும்ப வந்து உட்காரும். வேலை அவ்வளவுதான்.

இன்னொன்று, திரையின் வலது கீழ் மூலையில் வந்துகொண்டே இருக்கும் எச்சரிக்கைகள். 'நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலவ் அழுத்துங்கள்' என்று கேட்ட ஏதோ ஒரு தளத்துக்கு எப்போதோ அனுமதி கொடுத்ததன் பலன். பெரிய ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் லோகோ இருக்கும். ஆனால் பெட்டிக்குள் சின்ன எழுத்தில் பிரவுசரின் பெயரும் ஒரு தள முகவரியும் சேர்ந்தே இருக்கும். அங்கேதான் குட்டு உடைகிறது. பிரவுசர் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ் போய், அனுமதி பெற்ற தளங்களில் தெரியாததையெல்லாம் நீக்கினால் போதும். இதற்குப் போய் ரீசெட் செய்வது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதைதான்.

மூன்றாவது வகைதான் நம் விஷயம்: உண்மையிலேயே நிறுவப்பட்டுவிட்ட நிரல். பிரவுசரை மூடிய பிறகும், இணையத்தைத் துண்டித்த பிறகும் எச்சரிக்கை வந்தால் சந்தேகப்படலாம். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, செட்டிங்ஸில் 'மேனேஜ் புரொவைடர்ஸ்' பாருங்கள். முறையான ஆன்டிவைரஸ் அங்கே தன்னைப் பதிவு செய்திருக்கும். போலிகளின் பெயர் பெரும்பாலும் இருக்காது. அடுத்து, ஸ்கேன் முடிவு. நிஜமான ஸ்கேனர் ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் ஃபைலின் பெயரையும் அது இருக்கும் இடத்தையும் சொல்லும். போலி எண்ணிக்கையை மட்டும் சொல்லும், அல்லது அது சொல்லும் இடத்தில் அப்படி ஒரு ஃபைலே இருக்காது. 'கண்டுபிடிப்பது இலவசம், நீக்கப் பணம்' என்பதும் அதன் பழைய பாட்டு.

நல்ல பெயர் உள்ள நிறுவனம் என்பதற்காகவும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 2019இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்கில் அலுவலகப் பொருள் விற்கும் கடைத்தொடரான ஆஃபிஸ் டிப்போவும் அதன் மென்பொருள் கூட்டாளியும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. அவர்களின் 'பிசி ஹெல்த் செக்' நிரலில் தொடக்கத்தில் நாலு கேள்விகள்; ஏதாவது ஒன்றில் டிக் போட்டாலே, ஸ்கேன் என்ன சொன்னாலும் 'வைரஸ் அறிகுறி' என்ற முடிவு வந்துவிடும் என்பது குற்றச்சாட்டு.

எதை வைத்து ஒப்பிடுவது

நேரம், சிரமம், ஃபைல்கள் பத்திரமாக இருக்குமா என்று எல்லோரும் கேட்பார்கள். மூன்றும் முக்கியம்தான். ஆனால் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது நீக்கிய பிறகு என்ன மிச்சம் இருக்கிறது என்பது. போலி ஆன்டிவைரஸ் ஒற்றை ஃபைலாக வருவதில்லை. விண்டோஸின் அமைப்புகளையும் மாற்றிவிட்டுத்தான் உட்காரும். ஃபைலை மட்டும் எடுத்துவிட்டு அமைப்பை அப்படியே விட்டால், வைரஸ் இருந்தபோது ஓடிய கணினி வைரஸ் போன பிறகு ஓடாது. 'நீக்கினேன், அதன் பிறகு எந்த நிரலும் திறக்கவில்லை' என்ற புலம்பலுக்குக் காரணம் இதுதான்.

கையால் நீக்குதல்

செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலை நிறுவிய தேதிவாரியாக அடுக்கி, தொல்லை தொடங்கிய நாளில் வந்ததை அன்இன்ஸ்டால் செய்வதிலிருந்து தொடங்கலாம். 'பிசி கிளீனர்', 'ஆப்டிமைசர்' என்ற பெயரில் வரும் நாகரிகமான போலிகள் பல அதிலேயே போய்விடும். அதனால் எந்த வழியில் போனாலும் முதல் படி இதுதான்.

முரட்டுப் போலி என்றால், விண்டோஸ் அடிப்படைப் பகுதிகளோடு மட்டும் தொடங்கும் சேஃப் மோட். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு 4 என்ற விசை. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடமான ரெஜிஸ்ட்ரியின் ரன் பகுதியில் உள்ளவை சேஃப் மோடில் ஓடாது. அதனால் போலி தூங்கிவிடும் என்று நம்புகிறார்கள். பாதிதான் உண்மை. அதே ரெஜிஸ்ட்ரியில், உள்நுழைந்ததும் டெஸ்க்டாப்பாக எதைத் திறப்பது என்று சொல்லும் வின்லாகான் பகுதியின் 'ஷெல்' மதிப்பில் ஒட்டிக்கொண்டது சேஃப் மோடிலும் எழுந்து வரும்.

மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள, தானாகத் தொடங்குபவற்றையெல்லாம் பட்டியலிடும் ஆட்டோரன்ஸ் இலவசம், கையால் நீக்குபவருக்கு அதுதான் கண். மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைக்கும் தேர்வையும் கையொப்பத்தைச் சரிபார்க்கும் தேர்வையும் போட்டுவிட்டுப் பாருங்கள். ஆப்டேட்டா, புரோகிராம்டேட்டா ஃபோல்டர்களிலிருந்து பொருளற்ற பெயரோடு தொடங்கும் எதையும் சந்தேகிக்கலாம். எடுத்தவுடனே டிலீட் செய்யாமல் டிக்கை மட்டும் எடுங்கள். தவறென்றால் திரும்பப் போட முடியும்.

இந்த வழியின் குறை, அறிவு தேவை என்பதல்ல. நீங்கள் தேடும்போது திருடனும் விழித்திருக்கிறான் என்பது. ஒரு பகுதியை நிறுத்தினால் இன்னொரு பகுதி அதைத் திரும்ப நிறுவும்.

ஆஃப்லைன் ஸ்கேன்

இங்கே விண்டோஸே ஓடாது. கணினி, பழுதுபார்க்கவென்று தனியாக இருக்கும் மீட்புச் சூழலுக்குள் ரீஸ்டார்ட் ஆகி, டிஃபென்டர் வெளியிலிருந்து டிஸ்க்கைப் பார்க்கும். போலியும் அதன் காவல் நிரலும் வெறும் ஃபைல்களாகக் கிடக்கும்; எதிர்த்துப் போராட அவை உயிரோடு இல்லை. சுமார் 15 நிமிட வேலை. காசும் இல்லை, பென் டிரைவும் வேண்டாம்.

பட்டனை அழுத்தும் முன் நாலு விஷயங்கள். இவற்றைத் தாண்டிப் போவதால்தான் 'ஸ்கேன் செய்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை' என்று பலர் திரும்புகிறார்கள்.

ஒன்று, எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியல். வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன் பக்கத்தில் மேனேஜ் செட்டிங்ஸ் போய்க் கீழே பாருங்கள். போலிகள் தங்கள் ஃபோல்டரை, சில சமயம் மொத்த சி டிரைவையே, 'ஸ்கேன் செய்யாதே' பட்டியலில் சேர்த்துவிடும். நீங்கள் சேர்க்காதது எதுவானாலும் எடுத்துவிடுங்கள்.

இரண்டு, வைரஸ் விவரங்களைப் புதுப்பித்துக்கொள்வது. ஆஃப்லைன் ஸ்கேன் கணினியில் ஏற்கெனவே இருக்கும் விவரங்களை வைத்துத்தான் தேடும். அப்டேட் இறங்க மறுத்தால் நெட்வொர்க் செட்டிங்ஸில் பிராக்ஸியை, அதாவது இணையப் போக்குவரத்து கடந்து போகும் இடைத்தரகரைப் பாருங்கள். உங்கள் கணினியையே குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரியில் மேனுவல் பிராக்ஸி இருந்து, அதை நீங்கள் வைக்கவில்லையென்றால் அணைத்துவிடுங்கள். அடுத்தது, எந்தத் தளப் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ஹோஸ்ட்ஸ் ஃபைல். விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று போனால் கிடைக்கும். கைபடாத ஃபைலில் எழுத்துள்ள எல்லா வரியும் # குறியில் தொடங்கும். ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் பெயர் அங்கே தெரிந்தால் அந்த வரிகள் போலியின் கைவண்ணம்.

மூன்று, தேவையற்ற நிரல்களைத் தடுக்கும் தேர்வு. ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோலில் ரெப்யூட்டேஷன் பகுதியில் இருக்கிறது. போலி ஆப்டிமைசர்கள் பலவற்றை டிஃபென்டர் 'வைரஸ்' என்று வகைப்படுத்தாது, 'வேண்டாத நிரல்' என்றுதான் சொல்லும். இது அணைந்திருந்தால் கண்டும் காணாமல் விட்டுவிடும்.

நான்கு, டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கரின் மீட்புச் சாவி. 48 இலக்க எண். எல்லாக் கணினியிலும் கேட்கும் என்றில்லை, ஆனால் கேட்டுவிட்டால் அது இல்லாமல் நகர முடியாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்து முன்கூட்டியே தாளில் எழுதி வையுங்கள்.

பிறகு ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி நேராக டெஸ்க்டாப்புக்கே வந்துவிட்டால் ஸ்கேன் நடக்கவில்லை என்று பொருள். மீட்புச் சூழல் முடங்கிக் கிடக்கலாம். அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, 'ரீஏஜென்ட்சி' கட்டளையை இன்ஃபோ தேர்வோடு (reagentc /info) கொடுத்தால் நிலை தெரியும். எனேபிள் தேர்வு (reagentc /enable) அதை எழுப்பும். ஸ்கேன் முடிவுகள் புரொடெக்ஷன் ஹிஸ்டரியில் இருக்கும்.

இரண்டாவது கருத்துக்கு மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் போதும். நிறுவ வேண்டியதில்லை, இறக்கிய 10 நாளில் காலாவதியாகும், ஆகவே பழையதை எடுத்து ஓட்டாதீர்கள். மால்வேர்பைட்ஸும் நல்ல தேர்வுதான்.

இப்போது ஆஃப்லைன் ஸ்கேனின் பலவீனம். ஃபைலை எடுப்பதில் கெட்டிக்காரன், போலி கலைத்துவிட்டுப் போன வீட்டை அடுக்குவதில் அவ்வளவு அக்கறை கிடையாது. மிச்சத்தை நீங்கள்தான் பார்க்க வேண்டும்:

கறுப்புத் திரை மட்டும் வந்து டெஸ்க்டாப் வரவில்லையென்றால் வின்லாகானின் ஷெல் மதிப்பைப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரைக் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப்பால் வரவழைத்து, அதிலிருந்து ரெஜிஸ்ட்ரி எடிட்டரை ஓட்டலாம். ஷெல்லில் எக்ஸ்புளோரர் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. பக்கத்தில் உள்ள யூசர்இனிட் மதிப்பின் கடைசியில் ஒரு காற்புள்ளி இருக்கும். அது இயல்பு, அழித்துவிடாதீர்கள்.

குறிப்பிட்ட நிரல் மட்டும், குறிப்பாக டாஸ்க் மேனேஜர் அல்லது ஆன்டிவைரஸ், திறக்க மறுத்தால் ஆட்டோரன்ஸில் 'இமேஜ் ஹைஜாக்ஸ்' தாவலைப் பாருங்கள்; ஒரு நிரலுக்குப் பதில் வேறொன்றை ஓட வைக்கும் பதிவுகள் அங்கே தெரியும். அங்கே டாஸ்க் மேனேஜருக்கு எதிரே சிஸ்இன்டர்னல்ஸின் இன்னொரு நிரலான புராசஸ் எக்ஸ்புளோரரின் பெயர் இருந்தால் பதற வேண்டாம். அந்த நிரலை டாஸ்க் மேனேஜருக்குப் பதிலாக வைத்தவர்களுக்கு அப்படித்தான் தெரியும்.

எந்த இஎக்ஸ்இ ஃபைலுமே திறக்கவில்லையென்றால் ஃபைல் தொடர்பு, அதாவது எந்த வகை ஃபைலை எப்படித் திறப்பது என்ற பதிவு, கடத்தப்பட்டிருக்கிறது. பழைய தலைமுறைப் போலிகளின் கைங்கரியம் இது, இன்று குறைவு. ரெஜிஸ்ட்ரியின் கரன்ட் யூசர் பகுதியில் சாஃப்ட்வேர், கிளாசஸ் கீழே இஎக்ஸ்இக்கென்று தனிப் பதிவு சாதாரணமாக இருக்காது. இருந்தால், ஏற்றுமதி செய்து வைத்துக்கொண்டு நீக்குங்கள்.

கடைசியாக, குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலர். இரண்டு நாள் கழித்துப் போலி மறுபடி முளைத்தால் அது புதிய தொற்று என்று நினைக்க வேண்டாம். நேரம் வைத்துத் திரும்ப இறக்கும் பணி ஒன்று அங்கே மிச்சமிருந்திருக்கும்.

இவ்வளவையும் சேர்த்தால் ஒரு மாலைப் பொழுது போதும். ஃபைல்களும் நிரல்களும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆர்ம் சிப்பில் ஓடும் விண்டோஸுக்கு மட்டும் இந்த ஆஃப்லைன் ஸ்கேன் கிடையாது.

ரீசெட்

மிச்சம் என்ற ஒரே அளவுகோலில் பார்த்தால் ரீசெட்தான் ஜெயிக்க வேண்டும். காகிதத்தில் ஜெயிக்கிறது. ஆனால் 'கீப் மை ஃபைல்ஸ்' தேர்ந்தெடுத்தால் நிரல்கள் எல்லாம் போகும், டவுன்லோட்ஸ் ஃபோல்டர் அப்படியே நிற்கும். போலியை நிறுவிய அந்த ஃபைலும் அதற்குள் நிற்கும். எல்லாவற்றையும் அழித்தால் பேக்கப் இல்லாதவர் பாடு திண்டாட்டம்.

இன்னொரு ஓட்டையைப் பலர் கவனிப்பதில்லை. ரீசெட் முடிந்து பிரவுசரில் கணக்கைத் திறந்ததும், கணக்கில் சேமித்தவற்றை எல்லாச் சாதனங்களிலும் ஒன்றாக்கும் சிங்க் பழைய எக்ஸ்டென்ஷன்களைத் திரும்பக் கொண்டுவரும். தொல்லைக்குக் காரணம் எக்ஸ்டென்ஷன் என்றால், துடைத்த வீட்டுக்கு நீங்களே அதை அழைத்து வந்தது போல. சிங்க் செய்யும் முன் கணக்கிலிருந்து அதை நீக்குங்கள்.

விண்டோஸின் அமைப்புகளை முன்பு சேமித்த ஒரு நாளின் நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரிஸ்டோரை ரீசெட்டுக்கு இணையாகச் சொல்பவர்கள் உண்டு, இணை இல்லை. அது பயனரின் சொந்த ஃபோல்டர்களைத் தொடாது, மீட்புப் புள்ளிகளைப் போலிகள் அழித்துவிடுவதும் நடக்கும்.

ரீசெட்டை முதலில் எடுக்க வேண்டிய சூழ்நிலை: திரையில் வந்த நம்பரை அழைத்து, எதிர்முனையில் இருந்தவரைத் தொலைவிலிருந்து கணினிக்குள் விட்டிருந்தால். அவர் என்ன வைத்துவிட்டுப் போனார் என்பதை எந்த ஸ்கேனரும் உறுதியாகச் சொல்லாது. இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு சுத்தமான கணினியில் 8 ஜிபி பென் டிரைவில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் கருவியை வைத்து விண்டோஸ் இன்ஸ்டாலரைத் தயார் செய்து, டிஸ்க்கின் பிரிவுகளை அழித்துப் புதிதாக நிறுவுங்கள். அழிக்கும் முன் ஆவணங்களையும் படங்களையும் மட்டும் எடுத்து வையுங்கள், இஎக்ஸ்இ எதுவும் வேண்டாம். ஏற்கெனவே டிஜிட்டல் உரிமத்தோடு இயங்கிய கணினி என்றால் விண்டோஸ் தானே ஆக்டிவேட் ஆகும்.

பாஸ்வேர்டுகளை அந்தக் கணினியில் மாற்றாதீர்கள். போனிலோ வேறு கணினியிலோ, முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி என்ற வரிசையில் மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் தேர்வைப் போடுங்கள். கார்டு எண்ணைக் கொடுத்திருந்தால் இது எதற்கும் முன் வங்கியை அழைத்துக் கார்டை முடக்குங்கள், ஃபார்மேட் காத்திருக்கலாம்.