மட்டக்களப்பு நகரில் ஒரு வங்கிக் கிளை: உதவி அமைப்புகளுக்கான வெளிநாட்டுப் பணச் சேவை

கவுண்டரில் பொறுமையாகப் பேசுகிறார்கள், படிவம் நிரப்பவும் உதவுகிறார்கள். தலையிடி தடைப்பட்டியல் சோதனையில்தான்; அதாவது, பணம் அனுப்புபவர், பெறுபவர் பெயர்கள் தடைசெய்யப்பட்டோர் பட்டியலில் உள்ளனவா என்று பார்ப்பதில். ‘முகம்மது’ என்பதை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதலாம். நம்மவர் பலருக்குக் குடும்பப் பெயரே இல்லை. முதலெழுத்தோடு பெயரை மட்டும் கொடுத்தால், பட்டியலில் உள்ள யாரோ ஒருவரோடு கணினி பொருத்திவிடும். வெள்ள நிவாரணக் காசு அங்கேயே நின்றுவிடும்.

அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர், அட்டை இலக்கம், பிறந்த திகதி, தகப்பன் பெயர் எல்லாவற்றையும் முதலிலேயே கொடுங்கள். நோக்கத்தில் ‘நிவாரணம்’ என்று விடாமல், ‘வாகரையில் 40 குடும்பங்களுக்குத் தண்ணீர்த் தாங்கி’ என எழுதி விலைமனுவையும் இணையுங்கள்.

பெரிய குறை: ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 2664ஆம் தீர்மானம் (2022) பற்றிக் கிளையில் விளக்க ஆளில்லை. சொத்து முடக்கத்திலிருந்து மனிதாபிமான உதவிக்கு அது விலக்களிக்கிறது. ஆனால் ஐ.நா.வின் சொந்தத் தடைகளுக்கு மட்டும்தான். பயங்கரவாதத்துக்குப் பணம் போவதைத் தடுக்கும் 1373ஆம் தீர்மானத்தின்படி இலங்கை அரசு வர்த்தமானியில் வெளியிடும் பட்டியலுக்குப் பொருந்தாது. இந்த வித்தியாசம் தெரியாததால்தான் ஒரே கடிதத்தை மூன்று தடவை கேட்கிறார்கள். அவசரக் காசென்றால் தலைமையகத்தின் இணக்கப் பிரிவுக்கு (விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் பிரிவு) நேரே எழுதுங்கள்.