லெம்பொங்கான், கிலி ஆயிர், லொம்போக்: இருவருக்கான தீவுப் பயணத் திட்டம் ஒன்றின் மதிப்பீடு

இந்தோனேசியாவின் பாலித் தீவில் பயண முகவர்கள் விற்கும் தீவுப் பயணத் திட்டங்கள் பெரும்பாலும் தீவுகளின் எண்ணிக்கையைக் காட்டியே விலை பேசப்படுகின்றன. காலையில் ஒரு தீவு, மாலையில் ஒரு தீவு என்று அட்டவணையை நிரப்பி, இடையில் உட்கார்ந்து மூச்சுவிடக்கூட நேரம் வைக்காத திட்டங்கள்தான் அதிகம் விலைபோகின்றன. நானும் என் கணவரும் தேர்ந்துகொண்டது அவற்றிலிருந்து விலகியது. பாலியின் சானூரில் புறப்பட்டு நூசா லெம்பொங்கான், அங்கிருந்து நேரே கிலி ஆயிர், பிறகு லொம்போக், அங்கிருந்து விமானத்தில் மீண்டும் பாலி. தங்குமிடம், காலை உணவு, படகு, படகுத்துறைக்கும் விடுதிக்கும் இடையிலான வண்டி ஆகிய எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கும். ஒவ்வொரு தீவிலும் படகே ஏறத் தேவையில்லாத நாட்கள் இருந்தன என்பதுதான் எங்களை இதில் சேர வைத்தது. அந்த வகையில் திட்டம் ஏமாற்றவில்லை. நிலத்தில் அவர்கள் செய்திருந்த ஏற்பாடுகளுக்கும் கடலில் செய்திருந்த ஏற்பாடுகளுக்கும் இடையே இருந்த வித்தியாசம்தான் பெரிது.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் சானூரில் புதிய துறைமுகம் திறக்கப்படும் வரை, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முழங்கால் அளவு நீரில் நடந்துதான் படகில் ஏற வேண்டியிருந்தது. இப்போது முறையான படகுத்துறையும் காத்திருப்புக் கூடமும் வந்துவிட்டன. லெம்பொங்கானுக்கு அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். ஆனால் இறங்கும் பக்கத்தில் பழைய வழக்கம் முற்றிலும் மாறவில்லை. ஜுங்குட்பத்து கடற்கரையில் நிற்கும் படகுகளிலிருந்து இன்னும் நீரில்தான் குதிக்க வேண்டியிருக்கிறது. எனவே புடவையோ நீண்ட கால்சட்டையோ அன்றைக்கு உதவாது. படகின் முனையில் தென்னங்குருத்தால் முடைந்த சிறு தட்டில் பூக்களும் ஊதுவத்தியும் வைத்துவிட்டுத்தான் படகோட்டி இயந்திரத்தை இயக்கினார்.

லெம்பொங்கானில் முகவர் கொடுத்த விடுதி கடற்கரையில் இல்லை, அதற்குப் பின்னால் ஏறும் சரிவில் இருந்தது. படி ஏற வேண்டுமே என்று என் கணவர் முதலில் முணுமுணுத்தார். ஆனால் வாசலில் அமர்ந்தால் நீரிணைக்கு அப்பால் பாலியின் அகுங் எரிமலை முழுமையாகத் தெரிந்ததும் அவருடைய புகார் நின்றுவிட்டது. இந்தத் தீவில் பார்க்க வேண்டியவை என்று சொல்லப்படும் பாறை முனைகளும் கடற்கரைகளும் அழகானவைதான். எனக்கு அவற்றைவிடப் பிடித்தது, லெம்பொங்கானுக்கும் பக்கத்துச் சின்னத் தீவான செனிங்கானுக்கும் நடுவில் உள்ள ஆழமற்ற நீரில் நடக்கும் கடற்பாசி விவசாயம். நீர் வற்றியதும் பெண்களும் ஆண்களும் இடுப்பளவு நீரில் இறங்கி, கழிகளுக்கு இடையே கட்டிய கயிறுகளில் பாசித் துண்டுகளை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டே போகிறார்கள். அறுவடையானதைச் சாலையோரத்தில் தார்ப்பாய் விரித்து உலர்த்துகிறார்கள். பச்சையும் பழுப்புமாகக் கிடக்கும் அந்தப் பாசி வெயிலில் வெளிறி, உப்பு பூத்து, ரப்பர் துண்டுகளைப் போல் சுருங்கிவிடுகிறது. ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டியாக்கும் பொருள் இதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. சுற்றுலா பெருகப் பெருக இந்தத் தொழில் கைவிடப்பட்டு வந்தது. 2020இல் பெருந்தொற்றால் பயணிகள் வராமல் போனபோது பலர் மீண்டும் கயிறும் கழியுமாகக் கடலில் இறங்கினார்கள். இதைப் பற்றி முகவரின் திட்டக் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை.

இரண்டு தீவுகளையும் இணைக்கும் மஞ்சள் பாலத்தில் இருசக்கர வண்டிகளும் நடப்பவர்களும் மட்டுமே போகலாம். பழைய பாலம் 2016 அக்டோபரில் இடிந்து பலர் உயிரிழந்த பிறகு கட்டப்பட்டது இது. வண்டியை வாடகைக்கு எடுப்பவர்கள் பாலத்தில் எதிரே வருபவருக்கு வழிவிட்டுப் போவது நல்லது. பக்கத்துப் பெரிய தீவான நூசா பெனிடாவுக்கு ஒருநாள் சுற்றுலாவைக் கூடுதல் கட்டணத்துக்குச் சேர்க்கச் சொல்லி முகவர் மிகவும் வற்புறுத்தினார். கெலிங்கிங் பாறை முனையில் ஒரு புகைப்படத்துக்காக வெயிலில் வரிசையில் நிற்பதும், குண்டும் குழியுமான சாலையில் வண்டிக்குள் ஆடிக்கொண்டே போவதும் ஓய்வுக்காக வந்தவர்கள் செய்யக்கூடிய வேலை அல்ல என்று கருதி மறுத்துவிட்டோம்.

அடுத்து வந்தது பாலிக்கும் லொம்போக்குக்கும் இடையிலான லொம்போக் நீரிணை. திட்டத்தின் பலவீனமான பகுதி இதுதான். பசிபிக் பெருங்கடலிலிருந்து இந்தியப் பெருங்கடலுக்குப் பாயும் நீரின் ஒரு பகுதி இந்த இடைவெளி வழியாகத்தான் போகிறது. அதனால் வானம் தெளிவாக இருக்கும் நாளிலும் நடுவில் நீர் கொந்தளித்துக்கொண்டே இருக்கும். 1856இல் பாலியிலிருந்து லொம்போக்குக்குக் கடந்துபோன இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ், இந்தக் குறுகிய கடலின் இரு கரைகளிலும் பறவை இனங்களே மாறிப்போவதைக் கவனித்தார். லொம்போக்கில் அவர் கண்ட கொண்டைக்கிளிகள் பாலியில் இல்லை. வாலஸ் கோடு என்று இன்று நாம் அழைக்கும் எல்லை இந்த நீரிணை வழியாகவே வரையப்படுகிறது. இவ்வளவு பெயர்பெற்ற ஒரு கடலைக் கடக்க எங்களுக்குக் கிடைத்த படகோ சீட்டில் எழுதியிருந்த படகே அல்ல. நேரடிப் பயணம் என்று சொல்லி விற்றிருந்தார்கள். படகு தாமதமாக வந்ததோடு, நடுவில் பாலியின் பாடாங் பாய் துறையிலும் நின்று, ஆட்களை ஏற்றி, வெகுநேரம் கழித்தே புறப்பட்டது. சன்னல்கள் மூடியே இருந்தன, உள்ளே டீசல் நெடி. உயிர்காப்பு அங்கிகள் இருக்கைக்கு அடியில் இருப்பதை நாங்களே குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். அலை உயர்ந்ததும் படகுப் பணியாளர் ஒருவர் இது அன்றாடக் கடமை என்பதுபோல் வரிசை வரிசையாகக் கறுப்புப் பிளாஸ்டிக் பைகளைக் கொடுத்துக்கொண்டே போனார். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளை பாலி 2019இலேயே தடைசெய்துவிட்டது. குமட்டலுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு போலும். என் கணவர் இரண்டாவது பையையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இதைப் பற்றி முகவரிடம் முறையிட்டபோது, படகுகள் தங்களுடையவை அல்ல, இடம் உள்ள படகில் ஏற்றிவிடுவதுதான் வழக்கம் என்று மரியாதையாகவே சொன்னார். உண்மையும் அதுதான். இங்கே பெரும்பாலான முகவர்கள் சீட்டு விற்பவர்களே தவிரப் படகு வைத்திருப்பவர்கள் அல்லர். ஒரே படகில் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்திருப்பவர்கள் வெவ்வேறு விலை கொடுத்திருப்பார்கள். ஆகவே இத்திட்டத்தை எடுப்பவர்கள் தங்குமிடங்களை மட்டும் முகவரிடம் விட்டுவிட்டு, நீரிணையைக் கடக்கும் சீட்டைப் படகு நிறுவனத்திடமே நேரடியாக வாங்குவது மேல். அன்றைய முதல் படகையே கேட்டு வாங்குங்கள், காலையில் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். பின்வரிசையில் அமர்ந்தால் தூக்கிப்போடுவதும் குறையும். அலை மிகுந்தால் துறைமுக அதிகாரிகள் படகுகளை நிறுத்திவிடுவார்கள் என்பதால், கடல் கடக்கும் நாளுக்கு மறுநாளே ஊர் திரும்பும் விமானம் என்ற அளவுக்கு நெருக்கமாகத் திட்டமிடக் கூடாது.

கிலி ஆயிரில் இறங்கிய பிறகு இந்தக் கோபம் வெகுநேரம் நிற்கவில்லை. லொம்போக்கின் வடமேற்குக் கரையை ஒட்டிய கிலி ஆயிர், கிலி மெனோ, கிலி திரவாங்கான் என்ற மூன்று சிறு தீவுகளில் இது லொம்போக்குக்கு மிக அருகில் உள்ளது. மூன்றிலுமே காரோ மோட்டார் சைக்கிளோ கிடையாது. மிதிவண்டி, மின்சார ஸ்கூட்டர், சிடோமோ என்ற குதிரை வண்டி ஆகியவையே உண்டு. எங்கள் விடுதியிலிருந்து சிடோமோ அனுப்பியிருந்தார்கள். நண்பகல் வெயிலில் நுரை தள்ளிய குதிரையைப் பார்த்துவிட்டு, பெட்டிகளை மட்டும் அதில் ஏற்றி அனுப்பி, நாங்கள் நடந்தே போனோம். அடுத்த முறை பெட்டிகளையும் ஏற்ற மாட்டேன். தீவைச் சுற்றிவர ஒன்றரை மணி நேர நடை போதும். மிதிவண்டி எடுத்தால் கிழக்குக் கரையில் பாதை மணலாகிவிடும் இடங்களில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். அதற்கும் அவசரப்பட ஒன்றுமில்லை. காலையில் கிழக்கே லொம்போக்கின் ரிஞ்சானி மலைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் ஏறுகிறது. 3,726 மீட்டர் உயரமுள்ள அந்த எரிமலை மேகம் மூடும் முன் ஒரு மணி நேரம்தான் தெளிவாகத் தெரியும்.

தங்குமிடம் மரத்தாலும் மூங்கிலாலும் ஆன தனிக் குடில். 2018 ஆகஸ்ட் 5 அன்று 6.9 ரிக்டர் அளவில் வந்த நிலநடுக்கத்தில் லொம்போக்கின் வடபகுதியும் இந்தத் தீவுகளும் பெரும் சேதமடைந்தன. எங்கள் விடுதியும் அதன் பிறகு புதிதாக எழுப்பப்பட்டதே. கொசுவலை கிழிசல் இல்லாமல் இருந்தது, விசிறி ஓடியது, அறையைக் கூட்டிய பெண்மணி குடில் வாசலில் இருந்த மண்பானையில் கால் கழுவ நீர் நிரப்பி வைத்துக்கொண்டே இருந்தார். குளிக்கும் நீர் சற்று உப்புக் கரிக்கும். தீவில் நன்னீர் பற்றாக்குறை என்பதால் அதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. விடியலில் பள்ளிவாசலின் பாங்கு ஒலி நன்றாகவே கேட்கும். இங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். கடற்கரையைத் தவிர மற்ற இடங்களில் நீச்சல் உடையோடு திரிவதை அவர்கள் விரும்புவதில்லை என்று ஆங்காங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். அதை மதிக்காதவர்களையும் பார்த்தோம்.

திட்டத்தில் சேர்ந்திருந்த ஸ்நார்கெல் பயணம் (முகக்கண்ணாடியும் மூச்சுக் குழாயும் அணிந்து நீந்துவது) சுமார் ரகம். கண்ணாடி அடித்தளம் கொண்ட படகில் கூட்டமாக ஏற்றி, கிலி மெனோவின் கரைக்குக் கொண்டுபோய், ஜேசன் டிகேய்ரஸ் டெய்லர் வடித்து 2017இல் கடலடியில் வைக்கப்பட்ட 48 மனித உருவச் சிலைகளைக் காட்டுகிறார்கள். நின்றும் சுருண்டும் வட்டமாக இருக்கும் அந்தச் சிலைகளின் தோள்களிலும் தலைகளிலும் பவளமும் பாசியும் படர்ந்து, முகம் தெரியாமல் போய்க்கொண்டிருக்கின்றன. ஆனால் அதைப் பார்க்கவிடாமல் மேலே பல படகுகளின் ஆட்கள் ஒரே நேரத்தில் காலை உதைத்துக்கொண்டிருந்தார்கள். வழிகாட்டி மீன்களுக்கு ரொட்டி பிய்த்துப் போட்டதும் எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் நாங்களாகவே கண்ணாடியும் குழாயும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிலி ஆயிரின் கிழக்குக் கரையில் இறங்கினோம். சிறிது நேரத்திலேயே ஓர் ஆமை எங்களைச் சட்டை செய்யாமல் கீழே புல்லை மேய்ந்துகொண்டிருந்தது. முன்துடுப்பால் மணலைத் தள்ளி, தலையைத் திருப்பிக் கடித்து, மூச்சுக்கு மேலே வந்து, மறுபடி அதே இடத்துக்கே இறங்கியது. இதற்கு முகவரும் தேவையில்லை, படகும் தேவையில்லை. கடலில் இறங்குமுன் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கரையில் கேட்டுக்கொள்வதும், பவளத் துண்டுகளுக்கும் கடல் முள்ளெலிகளுக்கும் அஞ்சி ரப்பர் காலணி அணிவதும் போதும். கிலி திரவாங்கானில் இரவுக் கொண்டாட்டங்கள் அதிகம் என்பதால் அந்தப் பக்கமே போகவில்லை.

உணவைப் பற்றிச் சைவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை, கவனமாக மட்டும் இருக்க வேண்டும். என் கணவர் சைவம். டெம்பே என்ற புளிக்கவைத்த சோயாக் கட்டி, டோஃபு, காய்களின் மேல் வேர்க்கடலைச் சாறு ஊற்றித் தரும் காடோ காடோ ஆகியவை வாரூங் எனப்படும் சிறு உணவகங்கள் எல்லாவற்றிலும் கிடைக்கும். ஆனால் சம்பல் என்ற மிளகாய்த் துவையலில் தெராசி என்ற இறால் விழுது பெரும்பாலும் இருக்கும். லொம்போக்கின் புகழ்பெற்ற வள்ளைக்கீரைப் பதார்த்தமான பிளெச்சிங் காங்குங்கும் பார்வைக்குச் சைவம்தான், அதன் காரத்தில் இறால் கலந்திருக்கும். "தன்பா தெராசி", அதாவது தெராசி இல்லாமல், என்று சொன்னால், சமையலறையில் இருப்பவர் அம்மியில் புதிதாக மிளகாயும் தக்காளியும் அரைத்துக் கொடுக்கிறார். அது கடையில் இருக்கும் பழைய சம்பலைவிட நன்றாகவே இருக்கிறது.

லொம்போக்கில் பாங்சால் துறையில் பெட்டி தூக்குபவர்கள் சூழ்ந்துகொள்வார்கள். முகவரின் ஓட்டுநர் பெயர்ப் பலகையுடன் முன்பே வந்து நின்றதால் எங்களுக்குச் சிரமம் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்கு முழு மதிப்பெண் தரலாம். கடற்கரைச் சாலை வழியாக செங்கிகி என்ற கடற்கரை ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். லிங்சார் கோயில் வளாகத்தில் இந்துக்களும், இஸ்லாத்தோடு பழைய உள்ளூர் நம்பிக்கைகளைக் கலந்த வெத்து தெலு மரபைச் சேர்ந்த, லொம்போக்கின் பூர்வகுடிகளான சாசாக் மக்களும் வழிபடுகிறார்கள். அங்குள்ள குளத்தில் அவித்த முட்டையை நீரருகே நீட்டிக் காத்திருந்தால், கல்லிடுக்கிலிருந்து விலாங்கு மீன் தலையை நீட்டி எடுத்துக்கொண்டு போகிறது. தெற்கே மண்டாலிகா மோட்டார் சைக்கிள் பந்தயத் தடத்தையும் காட்டினார்கள். அதற்கு ஒரு மணி நேரமே அதிகம்.

செலவைப் பொறுத்தவரை, இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு வருகை விசா ஆளுக்கு 5,00,000 ரூபியா, பாலிக்கு வரும் வெளிநாட்டவருக்கு 2024 பிப்ரவரி முதல் விதிக்கப்படும் வரி 1,50,000 ரூபியா. இவை இரண்டும் திட்டக் கட்டணத்தில் சேராதவை. விலைப்பட்டியலில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், வரியும் சேவைக் கட்டணமும் சேர்ந்து விலையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு ஏறும். சிறு தீவுகளில் ஏடிஎம் இயந்திரங்கள் காலியாகிவிடுவது உண்டு, எனவே ரொக்கத்தைப் பாலியிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் உகந்தவை. ஜூலையிலும் ஆகஸ்டிலும் கூட்டமும் அலையும் சேர்ந்து வரும். மார்ச்சில் போவதாக இருந்தால், பாலியில் நியெப்பி என்ற மௌன நாள் எப்போது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அன்று முழுவதும் விமான நிலையமும் துறைமுகங்களும் மூடியிருக்கும்.

திரும்பும் வழியை விமானமாக வைத்ததுதான் இத்திட்டத்தில் மிகப் புத்திசாலித்தனமான முடிவு. அதே நீரிணையைச் சுமார் அரை மணி நேரத்தில், எந்தப் பையும் கையில் இல்லாமல், கடந்துவிடலாம். ஆனால் இந்த வழியில் பறக்கும் சிறு விமானங்களில் பெட்டிக்கான எடை வரம்பு குறைவு என்பதை முகவர் சொல்லவில்லை. லொம்போக்கில் சாசாக் நெசவுத் துணிகளை வாங்கும் எண்ணம் உள்ளவர்கள், சீட்டு பதியும்போதே கூடுதல் எடைக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிடுவது மலிவு.