முதல் கரடி வேட்டைக்கு வாங்கிய டிக்கா ரி3எக்ஸ் லைட்: ஒரு வசந்தம் கழித்து

ஒன்ராறியோவின் வடக்கே, கொக்ரேன் பக்கம், போன மே கடைசியில் ஐந்து மாலைகள் பரணில் இருந்துவிட்டு வந்தேன். இரை வைத்துக் கரடிக்குக் காத்திருந்தது எனக்கு அதுதான் முதல் தடவை. போவதற்கு முன் ஒரு வருடமாக எந்தத் துவக்கு வாங்குவது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன், இப்போது அதே கேள்வியை நம் ஆட்கள் இரண்டு மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள், அதனால் எழுதியே விடுகிறேன். நான் வாங்கியது டிக்கா ரி3எக்ஸ் லைட், 308 வின்செஸ்டர் ரவைக்கு. பின்லாந்தில் சாக்கோ நிறுவனம் செய்யும் துவக்கு. அதன் அருமை கடையில் எனக்குத் தெரியவில்லை, பரணில்தான் தெரிந்தது.

முதலில் போன கடையில் (பெயர் வேண்டாம்) இருந்தவர் கரடி என்ற சொல்லைக் கேட்டதுமே 300 மக்னத்தை, அதாவது இன்னும் பலமான ரவை போடும் துவக்கை, எடுத்து மேசையில் வைத்தார். கூடவே 24 மடங்கு பெருக்கிக் காட்டும் ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி. அவர் எவ்வளவு தூரத்தில் சுடப்போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் பரணுக்கும் இரை போட்டு வைத்த பரலுக்கும் (பீப்பாய்) நடுவே 60 மீற்றர்தான். அந்தத் தூரத்தில் 308 இன் 180 கிரெயின் எடைச் சன்னம் கறுப்புக் கரடியின் நெஞ்சைத் துளைத்து மறுபக்கம் போய்விடும். மறுபக்கம் போவதுதான் முக்கியம், ஏனென்றால் கரடியின் கொழுப்பு துளையை அடைத்துவிடும், அடர்ந்த ரோமம் இரத்தத்தைக் குடித்துவிடும், நிலத்தில் ஒரு சொட்டு விழாமல் அது புதருக்குள் போய்விட்டால் இருட்டில் தேடுவது பெரும்பாடு.

சரி, துவக்குக்கு வருகிறேன். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ரவையை உள்ளே தள்ளும் போல்ட் வழுக்கிக்கொண்டு போகும், எழுபது பாகை தூக்கினால் திறந்துவிடும், ஸ்கோப்பில் கை இடிக்காது. விசையை இழுக்கும் பாரத்தை ஒன்றிலிருந்து இரண்டு கிலோவுக்குள் நாமே திருகி வைத்துக்கொள்ளலாம். கையுறை போட்டுச் சுடுவதால் நான் கூடுதல் பக்கமே விட்டேன். பிளாஸ்டிக் பிடங்கின் உள்ளே நுரை அடைத்திருக்கிறார்கள். இது ஏதோ விளம்பரத்துக்கு என்று நினைத்திருந்தேன், ஆனால் பரணின் இரும்புக் கம்பியில் பிடங்கு தட்டினால் வெற்று டப்பா போல ஒலிக்காமல் ‘தொப்’ என்று அடங்கிப்போகிறது. கரடி எந்தச் சத்தமும் இல்லாமல் வரும் மிருகம், உங்கள் சத்தம் மட்டும் அதற்கு நன்றாகக் கேட்கும். சேஃப்டியை (தவறி வெடிக்காமல் தடுக்கும் பூட்டு) டக்கென்று தள்ளாதீர்கள், பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து மெல்ல விடுங்கள். வீட்டில், வெறும் துவக்கில், நூறு தடவையாவது இதைப் பழகினேன்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேஃப்டி போட்டால் போல்ட்டும் பூட்டிக்கொள்ளும், ரவையை எடுக்க வேண்டுமென்றால் சேஃப்டியை எடுத்தே ஆகவேண்டும். சூரியன் மறைந்து அரை மணி நேரத்தோடு வேட்டை முடிகிறது, அதன் பிறகு துவக்கு வெறுமையாக உறைக்குள் இருக்கவேண்டும் என்பது இங்கே சட்டம். ஆகவே தினமும் அரையிருட்டில், களைத்த கையோடு, இதைச் செய்யத்தான் போகிறீர்கள். குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை முதலில் பாருங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் வெறும் துவக்கு, கயிற்றில் கட்டி.

ஸ்கோப்புக்கு 3 முதல் 9 மடங்கு வரை போகும், முன்கண்ணாடி 40 மில்லிமீற்றர் அகலமான லியூபோல்ட் போட்டேன். அதை மூன்றிலேயே வைத்துவிடுங்கள். 40ஐ 9 ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் நாலரை மில்லிமீற்றர்கூட இல்லை, மூன்றில் வைத்தால் பதின்மூன்று. மங்கலில் நம் கண்மணி ஐந்து, ஆறு, இளைஞருக்கு ஏழு வரை விரியும். கடைசி இருபது நிமிடத்தில் கறுப்பு மிருகத்தைக் கறுப்புக் காட்டுக்கு முன்னால் பார்க்க அந்த வித்தியாசம்தான் கைகொடுக்கும். அப்புறம் நுளம்பு வலை. வலையைப் போட்டுக்கொண்டு ஸ்கோப்பில் பார்த்தால் எல்லாம் புகை, சுடும் தளத்திலேயே வலையோடு பழகியிருக்கவேண்டும்.

மூன்றாம் மாலை. செவ்வணில் ஒன்று கத்திக்கொண்டே இருந்தது, சட்டென்று நின்றது. பரலுக்குப் பக்கத்தில் கரடி நிற்கிறது, எப்போது வந்ததென்று தெரியாது. என்னைக் கூட்டிப்போன அண்ணை முதல் நாளே சொல்லியிருந்தார்: “தம்பி, உடம்பைப் பாராதை, காதைப் பார். காது பெரிசாய்த் தெரிஞ்சால் கரடி சின்னன்.” இதற்குக் காது நாய்க்குட்டியின் காது மாதிரி நிமிர்ந்து நின்றது, முதுகு பரலின் பாதிக்கும் வரவில்லை. அடிக்கடி பின்னால் ஒரு மரத்தைத் திரும்பிப் பார்த்தது. வசந்தத்தில் குட்டியோடு இருக்கும் தாயைச் சுடுவது குற்றம், குட்டிகளை மரத்தில் ஏற்றிவிட்டுத் தாய் மட்டும் இரைக்கு வருவதும் உண்டு. சேஃப்டியில் இருந்த விரலை எடுத்துவிட்டேன். நாற்பது நிமிடம் ஓட்ஸ் தின்றுவிட்டுப் போனது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தை நான் மறக்கமாட்டேன்.

ஐந்தாம் மாலை வந்தது தடித்த கழுத்துக்காரன், காதுகள் தலையின் இரு ஓரத்தில் சின்னதாக. நேராக நின்றவரை சுடவில்லை. பக்கவாட்டில் திரும்பி, முன்னங்கால் ஒரு எட்டு முன்னே போனதும், காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் நடுவுக்குக் கொஞ்சம் கீழே. முப்பது மீற்றர்கூடப் போகவில்லை.

குறைகளும் உண்டு. இவ்வளவு பாரம் குறைந்த துவக்கில் 308 தோளைக் குத்தத்தான் செய்யும், தளத்தில் ஒரு நாளைக்கு இருபது ரவைக்கு மேல் சுட்டால் கண்ணை மூடும் பழக்கம் வந்துவிடும், பத்துப் பத்தாகப் பல நாள் சுடுங்கள். ரவை அடைக்கும் மகசீன் பிளாஸ்டிக், மூன்று ரவைதான். மேலதிகமாக ஒன்று வாங்குவதென்றால் விலை அநியாயம். துவக்கு ஆயிரம் டொலருக்கு மேலே போகும். என்னைக் கேட்டால் மக்னத்துக்குக் கொடுக்க நினைத்த மிச்சக் காசை ரவைக்கும் தளத்துக்கும் கொடுங்கள்.

இறைச்சியை உள்ளே 75 பாகை செல்சியஸ் தாண்டும் வரை வேகவையுங்கள், டிரிக்கினெல்லா புழு இருக்கலாம், குளிரூட்டியில் உறையவைத்தாலும் வடபகுதி வகை சாகாது. நாங்கள் பங்கைக் குக்கரில் வைத்து, யாழ்ப்பாணத்துத் தூள் போட்டுக் குழம்பாக்கினோம், மாமி இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.

இடக்கைக்காரர்களுக்கு: இதிலேயே இடக்கை போல்ட் வைத்த வடிவமும் வருகிறது. என் மைத்துனருக்கு ஒன்று சொல்லி வைத்திருக்கிறோம்.