ஜி.எஸ்.டி உத்தரவை எதிர்க்க மூன்று வழிகள்: டெல்டா வணிகருக்கு எது பொருந்தும்?

டெல்டாவில் சம்பா அறுவடையும், வரி கட்டச் சொல்லும் ஜி.எஸ்.டி உத்தரவுகளும் கைகோத்து வருகின்றன. மோசடிக் குற்றச்சாட்டு இல்லாத வழக்குகளில், 2023-24 வரையிலான நிதியாண்டுகளுக்கு ஜி.எஸ்.டி சட்டத்தின் 73ஆம் பிரிவுதான் பொருந்தும். அந்தந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டனுக்கான கெடு முடிந்து 3 ஆண்டுக்குள் உத்தரவு போட்டாக வேண்டும். அந்தக் கெடு பொதுவாக டிசம்பர் 31. அதனால் உத்தரவுகள் மார்கழியில் குவிகின்றன. எதிர்ப்பதற்குக் கிடைக்கும் 3 மாதமோ தை, மாசி, பங்குனியில் கரைகிறது. அரிசி ஆலைக்காரருக்குத் தலை நிமிர நேரமில்லாத மாதங்கள் அவை.

டி.ஆர்.சி-07 படிவத்தில் உத்தரவு வந்தபின் முன்னால் இருப்பவை மூன்று வழிகள்: உத்தரவு போட்ட அதிகாரியிடமே பிழை திருத்தம் கேட்பது, துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போவது, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (அதிகாரியின் உத்தரவை ரத்து செய்யக் கேட்கும் மனு) போடுவது. எது செலவு குறைவு என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் பலர் செய்யும் தவறு. உத்தரவில் இருப்பது எந்த வகைக் குறை என்று பார்க்க வேண்டும். கணக்கு தப்பா, முடிவு தப்பா, நம்மைக் கேட்காமலே முடித்துவிட்டார்களா?

கணக்கு தப்பு என்றால் 161ஆம் பிரிவின் கீழ் பிழை திருத்தம். ஒரே பில்லை இரண்டு முறை கூட்டியிருப்பார்கள், டி.ஆர்.சி-03 (தாமாக வரி கட்டும் படிவம்) மூலம் ஏற்கெனவே கட்டிய தொகையைக் கழிக்காமல் விட்டிருப்பார்கள். ஆவணத்தைப் பார்த்த மாத்திரத்தில் தெரிகிற பிழையாக இருக்க வேண்டும். உத்தரவு தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் ஜி.எஸ்.டி போர்ட்டலிலேயே விண்ணப்பிக்கலாம். முன்பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் "சட்டத்தை நீங்கள் புரிந்துகொண்டது தவறு" என்று அதே அதிகாரியிடம் இதில் வாதாட முடியாது, விண்ணப்பம் தள்ளுபடியாகும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பிழை திருத்தத்துக்கும் 3 மாதம், மேல்முறையீட்டுக்கும் 3 மாதம். திருத்தம் கேட்டு மனு நிலுவையில் இருந்தால் மேல்முறையீட்டுக் கெடு நின்றுவிடும் என்று சட்ட வாசகத்தில் எங்கும் எழுதியில்லை. வணிகருக்குச் சாதகமான நீதிமன்றத் தீர்ப்புகள் உண்டு என்றாலும், அவற்றை நம்பிக் கெடுவைத் தாண்டவிடுவது ஆபத்து. முதல் 15 நாளுக்குள் திருத்த மனுவைப் போட்டுவிடுங்கள். இரண்டாம் மாத முடிவிலும் பதில் இல்லையென்றால் மேல்முறையீட்டுக்கு ஆயத்தமாகுங்கள்.

முடிவே தப்பு என்றால் 107ஆம் பிரிவு மேல்முறையீடு. டெல்டாவின் சிறு, நடுத்தர வணிகர்களில் பெரும்பாலோருக்கு இதுவே சரியான வழி என்பது எங்கள் உறுதியான கருத்து. தொகையைப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். கும்பகோணத்தில் ஒரு ஹார்டுவேர் கடை என்று வைத்துக்கொள்வோம். சரக்கு கொடுத்தவர் ரிட்டன் போடாததால் 4 லட்சம் ரூபாய் உள்ளீட்டு வரி வரவை (சரக்கு வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகையை) மறுத்துவிட்டார்கள். 18 சதவீத வட்டி 3 ஆண்டுக்கு 2,16,000. அபராதம் 10 சதவீதம், அதாவது 40,000. ஆக மொத்தம் 6,56,000. மேல்முறையீட்டுக்குக் கட்ட வேண்டியது தகராறில் உள்ள வரியில் 10 சதவீதம், 40,000 மட்டும். வட்டியும் அபராதமும் இந்தக் கணக்கில் சேராது. அதைக் கட்டி மனுவைப் போட்டதுமே மீதித் தொகையின் வசூல் சட்டப்படி தானாக நின்றுவிடும். தடையுத்தரவு கேட்டுத் தனியாக ஓட வேண்டாம். நாங்கள் பெரிதாக மதிப்பது இந்தப் பாதுகாப்பைத்தான்.

ஏ.பி.எல்-01 படிவத்தில் போர்ட்டல் வழியாகவே போட வேண்டும். உத்தரவு எண்ணைக் கொடுத்து, வழக்கின் விவரத்தையும் எதிர்ப்புக் காரணங்களையும் தனித்தனியாக எழுதி இணைத்து, ஓ.டி.பி அல்லது டிஜிட்டல் கையொப்பம் போட்டு அனுப்பலாம். உத்தரவு போர்ட்டலில் ஏற்றப்பட்டிருந்தால் அதன் நகலைத் தனியாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதில்லை. ஏற்றப்படாவிட்டால் 7 நாளுக்குள் சுயசான்றிட்ட நகல் கொடுக்க வேண்டும். வாதாட ஆடிட்டரோ வழக்கறிஞரோ ஜி.எஸ்.டி பிராக்டிஷனரோ போகலாம். கடைக்காரரே போய்ப் பேசவும் தடையில்லை.

வரி கேட்பதும் துறை, மேல்முறையீட்டை விசாரிப்பதும் அதே துறையின் மூத்த அதிகாரி என்பது நியாயமான குறை. ஆனாலும் ஒரு விதி வணிகருக்குக் கைகொடுக்கிறது: மேல்முறையீட்டு அதிகாரி உறுதி செய்யலாம், மாற்றலாம், ரத்து செய்யலாம், "மறுபடி விசாரியுங்கள்" என்று கீழே திருப்பி அனுப்ப முடியாது. முடிவு அங்கேயே சொல்லப்பட்டாக வேண்டும்.

வழக்குகள் தோற்பது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று கெடு. உத்தரவு கிடைத்த நாளிலிருந்து 3 மாதம். தக்க காரணம் சொன்னால் இன்னும் ஒரு மாதம். அதற்குமேல் ஒரு நாள் தாண்டினாலும் ஏற்க அந்த அதிகாரிக்கு அதிகாரமே இல்லை. இரண்டாவது ஆவணம். முதல் விசாரணையில் கொடுக்காத பில்லையும் லாரி ரசீதையும் மேல்முறையீட்டில் புதிதாக நீட்டினால், முன்பே கொடுக்க முடியாமல் போனதற்குத் தக்க காரணம் காட்டச் சொல்கிறது 112ஆம் விதி. ஆகவே நோட்டீஸுக்கு டி.ஆர்.சி-06இல் பதில் கொடுக்கும்போதே பில், இ-வே பில், எடை ரசீது, பணம் போன வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் இணைத்துவிட வேண்டும்.

அரிசி ஆலைகளின் 26 கிலோ மூட்டைத் தகராறுக்கும் இதே வழிதான். 2022 ஜூலை 18 முதல், பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத வரி. 26 கிலோ ஒரே மூட்டைக்கு வரி இல்லை. ஆனால் 10 கிலோ பைகள் பத்தை ஒரு பெரிய சாக்கில் போட்டுத் தைத்தால் வரி உண்டு. சரக்கு எப்படிக் கட்டப்பட்டது என்பதை வைத்துச் சட்டத்தைப் பொருத்திப் பார்க்கும் கேள்வி இது. பிழை திருத்தத்தில் இது எடுபடாது; ரிட் மனுவில் போனால் மேல்முறையீட்டுக்குப் போ என்றே பெரும்பாலும் சொல்வார்கள்.

நம்மைக் கேட்காமலே முடித்துவிட்டார்கள் என்றால் ரிட் மனு. டி.ஆர்.சி-01 நோட்டீஸை எடுத்து நேரடி விசாரணைத் தேதிக்கான கட்டத்தைப் பாருங்கள். அது காலியாகவோ, "பொருந்தாது" என்றோ, பதில் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தைய தேதியாகவோ இருக்கலாம். வணிகருக்குப் பாதகமாக முடிவெடுப்பதற்கு முன் விசாரணை வாய்ப்பு தர வேண்டும் என்கிறது 75(4)ஆம் பிரிவு. அந்தக் கட்டம்தான் ரிட் மனுவின் உயிர்.

போர்ட்டலில் நோட்டீஸ் ஏற்றுவதும் 169ஆம் பிரிவின்படி சேர்ப்பித்தல்தான். பதிலே வராதபோது பதிவுத் தபால் போன்ற வேறு வழியையும் அதிகாரி முயல வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் பல உத்தரவுகளில் சொல்லியிருக்கிறது. இருந்தும், ஜெயித்தால் கிடைப்பது வரித் தள்ளுபடி என்று நினைத்துவிடக் கூடாது. தகராறு வரியில் 10 முதல் 25 சதவீதம் வரை கட்டச் சொல்லி, உத்தரவை ரத்து செய்து, அதே அதிகாரியிடம் மறு விசாரணைக்கு அனுப்புவதே வழக்கமாக நடப்பது. மேலே சொன்ன ஹார்டுவேர் கடைக்கு 25 சதவீதம் என்றால் 1 லட்சம்; வழக்கறிஞர் கட்டணம் தனி. கையில் தீர்ப்பு வராது, இன்னொரு விசாரணைதான் வரும். 4 மாதக் கெடுவைக் கோட்டைவிட்டவர்களுக்கும், வங்கிக் கணக்கு முடங்கிய பிறகே உத்தரவைப் பார்த்தவர்களுக்கும் பெரும்பாலும் இது ஒன்றே மிச்சம். அப்படித் தாமதமாக வருபவர்களையும் நீதிமன்றம் ஏற்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. 2020இல் உச்ச நீதிமன்றம், கிளாக்ஸோ நிறுவனத்தின் வழக்கில், கெடு முடிந்தபின் ரிட் வழியே உள்ளே நுழைவதைக் கண்டிப்பாகவே பார்த்தது.

எந்த நீதிமன்றம் என்பதும் ஊரைப் பொறுத்தது. தஞ்சாவூர், திருச்சி மாவட்டங்கள் மதுரைக் கிளைக்குள் வருகின்றன. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை சென்னை அமர்வுக்கு உட்பட்டவை. கும்பகோணத்துக் கடைக்காரர் மதுரைக்குப் போவார். பக்கத்திலேயே இருக்கும் மயிலாடுதுறைக்காரர் சென்னைக்குப் போக வேண்டும்.

வரி நியாயமானதே, கட்டத்தான் கையில் பணமில்லை என்றால் இந்த மூன்றிலும் இறங்க வேண்டாம். டி.ஆர்.சி-20இல் விண்ணப்பித்தால் 80ஆம் பிரிவின்படி 24 மாதத் தவணை வரை கேட்கலாம். வட்டி ஓடிக்கொண்டிருக்கும், ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதையும் ஒரே நேரத்தில் கேட்பார்கள்.