சிம்மக்கல் ஞாயிறு வரலாற்று வகுப்பு: தாராளமாகப் போகலாம்

சிம்மக்கல் பக்கம் ஒரு வீட்டு மாடியில் நடக்கிறது. போன வாரம் பண்டைய ஏதென்ஸில் குடியேறிய வெளியூர்க்காரர்களைப் பற்றி. மெட்டிக் என்று பெயர். தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்து, ஆணுக்கு வருஷம் 12 திராக்மா, தனியாக வாழும் பெண்ணுக்கு 6 என்று வரி கட்டி, போருக்கும் போனாலும் ஓட்டு கிடையாது, தனிச் சலுகை கிடைத்தாலொழிய ஒரு துண்டு நிலம்கூட வாங்க முடியாது. மனசு கனத்துவிட்டது.

அப்புறம் ரோமானிய அடிமையின் கழுத்து வளையம், படத்தில். இரும்பு. தொங்கும் தகட்டில், ஓடிவிட்டேன், பிடியுங்கள், எஜமானிடம் ஒப்படைத்தால் பொற்காசு கிடைக்கும் என்று அந்த ஆளே சொல்வதுபோல் எழுதியிருக்கிறார்கள். படித்துக் காட்டிய சார் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

மின்விசிறி ஒன்றுதான், வேர்த்துக் கொட்டும். சீக்கிரம் போய் ஜன்னலோரம் உட்காருங்கள்.